ஆர்லெகினின் களியாட்டம்: ஜுவான் மிரோவின் ஓவியமும் அதன் பசிக் கதையும்

'ஆர்லெகினின் களியாட்டம்' என்பது காட்டலோனிய ஓவியர் ஜுவான் மிரோ 1924–25 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். விசித்திர உருவங்கள் கூட்டமாகக் கூடிக் கும்மாளமிடும் இப்படம் சர்ரியலிசம் எனப்படும் மீயதார்த்தவாத ஓவியங்களுள் மிகவும் அறியப்பட்ட ஒன்று. இப்போது அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வோவியரின் பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'ஜோன்' என்று படிப்பவர்கள் உண்டு. ஸ்பானிய வழக்கில் 'ஹுவான்' என்பர். அவர் தம்மைக் காட்டலோனியராகவே கருதியவர். காட்டலான் மொழியில் 'ஜுவான்' என்பதே ஏறக்குறைய சரியான ஒலி. இக்கட்டுரையில் அதையே கையாள்கிறேன்.

இந்த ஓவியத்தைப் பற்றி எங்கு எழுதினாலும் ஒரு கதை உடன் வரும். ஏழை ஓவியர் ஒருவர் உண்ண உணவின்றிப் பட்டினி கிடந்தார். பசி மயக்கத்தில் சுவரில் உருவங்கள் தோன்றின. தோன்றியவற்றை அப்படியே தீட்டிவிட்டார் என்பது அக்கதை. கதையின் முற்பாதி உண்மை. பிற்பாதியில் ஒரு பொருள் விடுபட்டுப் போயிற்று. அது ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைத் திரும்பச் சேர்த்துப் படித்தால்தான் இப்படம் எப்படி உருவாயிற்று என்பதும், அன்றைய சர்ரியலிஸ்டுகளுக்கு இது ஏன் ஒரு சங்கடமான வெற்றியாக அமைந்தது என்பதும் விளங்கும்.

படத்தில் இருப்பவை

முதலில் படத்தைப் பார்ப்போம். அளவு 66 செ.மீ. உயரம், 90.5 செ.மீ. அகலம், ஏறக்குறைய இரண்டு அடிக்கு மூன்று அடி. வகுப்பறையில் தொங்கவிடும் நிலப்படத்தைக் காட்டிலும் சிறியது. அச்சுப்படங்களில் மட்டும் பார்த்தவர்கள் பெரிய சுவரோவியம் என்று எண்ணிக்கொள்வது உண்டு. உள்ளே அவ்வளவு நெரிசல் இருப்பதே காரணம்.

இடம் ஓர் அறை. சாம்பலும் மஞ்சளும் கலந்த சுவர், பழுப்புத் தரை. இரண்டையும் பிரிக்கும் கோடு படத்தின் குறுக்கே தெளிவாக ஓடுகிறது. வலப்புற மேல்பகுதியில் ஒரு சன்னல். அதனூடே ஒரு கறுப்பு முக்கோணம் தெரிகிறது. இடப்புறம் ஓர் ஏணி நிற்கிறது. அந்த ஏணிக்கு ஒரு காது முளைத்திருக்கிறது, கண்ணும் உண்டு. வலப்புறம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மீன். அருகில் கருமையான ஓர் உருண்டை. சுவரில் இசைக்குறிகள் மிதக்கின்றன. பகடைக்காய் ஒன்றிலிருந்து பூச்சி வெளியே வருகிறது. கீழே பூனைகள் நூலை இழுத்து விளையாடுகின்றன. இவற்றுக்கிடையே சிறகு முளைத்தவை, வால் நீண்டவை, புழுப்போல் நெளிபவை எனப் பெயர் சொல்ல முடியாத சிற்றுயிர்கள் பல.

இக்கூட்டத்துக்கு நடுவே இடப்பக்கமாக நிற்பவர்தான் ஆர்லெகின். வட்ட முகத்தில் ஒரு பாதி சிவப்பு, மறு பாதி நீலம். முறுக்கு மீசை, கடற்படைத் தளபதி அணிவது போன்ற தொப்பி, வாயில் புகைக்குழாய். உடல் கித்தார் வடிவத்துக்கு நீண்டு வளைந்திருக்கிறது. அதில் கட்டங்கட்டமான உடையின் சாயல். எல்லாரும் ஆடிப்பாட, இவர் முகம் மட்டும் வாடியிருக்கிறது. வயிற்றில் ஓர் ஓட்டை.

ஆர்லெகின் என்பவர் 16ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியில் வழங்கிய முகமூடி நாடகங்களின் நிலையான பாத்திரம். பணியாள் வேடம், குறும்பும் தந்திரமும் உடைய கோமாளி. பல நிறத் துண்டுகளால் தைத்த உடையே அடையாளம். எப்போதும் பசித்திருப்பதும் அப்பாத்திரத்தின் பழைய இயல்புகளுள் ஒன்று. 'களியாட்டம்' என்று நான் எழுதும் சொல், கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முன்பு ஐரோப்பாவில் நடக்கும் கார்னிவல் விழாவைக் குறிக்கும். நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் வயிறார உண்டு, வேடமிட்டு ஆடித் தீர்க்கும் விழா அது. விருந்து விழாவின் நடுவில் வயிற்றில் ஓட்டையோடு ஒரு கோமாளி நிற்கிறார் என்றால், ஓவியர் தம் வயிற்றைத்தான் சொல்கிறார் என்று பலர் கருதுவதில் வியப்பில்லை.

கணக்கர் வேலையிலிருந்து தூரிகைக்கு

மிரோ 1893 ஏப்ரல் 20 அன்று பார்சலோனாவில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர்; கடிகாரத் தொழிலும் செய்தவர். தாய் மயோர்க்கா தீவைச் சேர்ந்தவர். மகன் கணக்கு எழுதிப் பிழைக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். எனவே மிரோ வணிகப் பள்ளியில் படித்தார். அதே காலத்தில் ஓவியப் பள்ளிக்கும் போனார். 1910இல் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் எழுத்தராகச் சேர்ந்தார். ஓராண்டுக்குள் மனம் உடைந்து, நச்சுக்காய்ச்சலும் கண்டு படுத்துவிட்டார். குடும்பம் அவரை மோன்ரோச் என்ற சிற்றூரில் அப்போதுதான் வாங்கியிருந்த பண்ணைவீட்டுக்கு அனுப்பியது. உடல் தேறியபோது, இனி ஓவியம்தான் என்று முடிவாகியிருந்தது.

1912இல் பிரான்செஸ்க் காலி என்பவரின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இந்த ஆசிரியரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மிரோவுக்கு வண்ணம் நன்றாக வந்தது. உருவத்தின் பருமனைப் பிடிக்க வரவில்லை. காலி அவர் கண்களைக் கட்டினார். பொருள்களைக் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்துவிட்டு, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார். மாணவனுக்கு எது வரவில்லையோ அதற்கு வேறொரு புலன் வழியாகக் கதவு திறந்துவிட்ட இந்த முறையை ஆசிரியப் பயிற்சியில் ஒரு பாடமாகவே வைக்கலாம். பிற்கால மிரோ உருவங்களின் உப்பிய வயிறும் நீண்ட விரலும் கண்ணால் அளந்தவை போலன்றிக் கையால் தடவி அறிந்தவை போல் இருப்பதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1918இல் பார்சலோனாவில் நடந்த முதல் தனிக்காட்சி கேலிக்கு உள்ளாயிற்று. 1920இல் முதன்முறையாகப் பாரிஸ் சென்றார். 1921இல் அங்கு நடந்த முதல் தனிக்காட்சியும் தோல்வியே. அதன்பின் குளிர்காலம் பாரிஸில், கோடைக்காலம் மோன்ரோச் பண்ணையில் என்று ஆண்டுகள் ஓடின.

இந்தப் போக்குவரத்தில் பிறந்தது 'பண்ணை' என்ற பெரிய ஓவியம். 1921 கோடையில் மோன்ரோச்சில் தொடங்கி, பார்சலோனாவில் தொடர்ந்து, 1922இல் பாரிஸில் முடித்தார். ஒன்பது மாத வேலை. பண்ணையின் ஒவ்வொரு இலையும், கோழியும், வாளியும், சுவரின் விரிசலும் எண்ணி எண்ணி வரையப்பட்டவை. பாரிஸ் அறையில் இருந்துகொண்டு மோன்ரோச் புல்லை வரைய வேண்டும் என்பதற்காகக் காய்ந்த புல்லைக் கையோடு எடுத்துச் சென்றார். இதை வாங்க முதலில் ஆளில்லை. துண்டு துண்டாக வெட்டி விற்றால் போகும் என்று படவணிகர் ஒருவர் யோசனை சொன்னாராம். 1925இல் அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 5,000 பிராங்குக்கு வாங்கினார். அப்போது அவரும் வசதியானவர் அல்லர். இன்று அது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ளது.

'பண்ணை' ஓவியத்தை நினைவில் வைத்துக்கொண்டு 'ஆர்லெகினின் களியாட்டம்' படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கையின் வேலை என்பது தெரியும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியே, கூர்மையான ஓரத்தோடு, மற்றதன்மேல் படாமல், சம மதிப்போடு வைக்கப்பட்டிருக்கிறது. பண்ணையில் இருந்த ஏணிகூட அறைக்குள் வந்துவிட்டது. இடையில் 1923–24இல் வரைந்த 'உழுத நிலம்' படத்தில் மரத்தில் காது முளைக்கத் தொடங்கிவிட்டது. மரத்துக்கு வந்த காது அடுத்து ஏணிக்கு வந்தது. படிப்படியான வளர்ச்சிதான், திடீர்த் தோற்றமன்று.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டலோனிய மலைத் தேவாலயங்களில் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் பல இருந்தன. தாவுல் என்ற ஊர்த் தேவாலயத்தில் ஏழு கண்களுடைய ஆட்டுக்குட்டி உண்டு; வேறோர் இடத்தில் தேவதூதரின் சிறகெங்கும் கண்கள். இவ்வகை ஓவியங்களை அருங்காட்சியகத்தில் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்ததாக மிரோ பலமுறை சொல்லியிருக்கிறார். ஏணியில் கண் இருப்பது நமக்குப் புதுமை. அவருடைய நாட்டில் அது கோயில் சுவரில் இருந்த பழைமை.

ப்ளோமே தெரு, எண் 45

பாரிஸில் மிரோ வேலை செய்த இடம் ப்ளோமே தெருவில் 45ஆம் எண் வளாகம். அந்த அறை காட்டலோனியச் சிற்பி பாப்லோ கர்காயோவுடையது; அவர் ஊரில் இல்லாத மாதங்களில் மிரோ பயன்படுத்தினார். பக்கத்து அறையில் ஓவியர் ஆந்த்ரே மாஸோன். மாஸோனைத் தேடி மிஷேல் லேரிஸ், ரொபேர் தெஸ்னோஸ், அன்தோனேன் ஆர்த்தோ போன்ற இளம் கவிஞர்கள் வந்தார்கள். ஓவியரைவிடக் கவிஞர்களிடமே தாம் அதிகம் கற்றதாக மிரோ பின்னாளில் கூறினார்.

அறையில் வசதி இல்லை. சன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்தன. பழைய பொருள் சந்தையில் 45 பிராங்கு கொடுத்து வாங்கிய கணப்பு எரியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள்தான் ஒழுங்கான மதிய உணவு. மற்ற நாள்களில் உலர்ந்த அத்திப்பழம் சில. நண்பர்களிடம் கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் அறை மிகச் சுத்தமாக இருந்தது. மிரோ தாமே பெருக்கித் துடைத்து வைப்பார். மாஸோனின் அறை இதற்கு நேர் எதிர். குப்பையும் கூச்சலுமாக இருக்கும் என்பார்கள். பட்டினியைப் பற்றி எழுதுபவர்கள் இந்தத் துடைப்பத்தைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கென்னவோ ஓவியத்தைப் புரிந்துகொள்ள அத்திப்பழத்தைப் போலவே துடைப்பமும் உதவுகிறது.

வறுமை என்ற சொல்லையும் இங்கே அளந்து கையாள வேண்டும். அவர் பிறந்தது வறிய குடும்பத்தில் அன்று. ஊரில் பண்ணையும் வீடும் இருந்தன. தந்தை விரும்பாத தொழிலைத் தேர்ந்தெடுத்த மகன், முப்பது வயதைக் கடந்தும் படம் விற்காமல், ஒவ்வொரு கோடையும் அதே பண்ணைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. இந்தக் குளிர்காலத்திலும் ஒன்றும் ஆகவில்லையென்றால் கணக்குப் புத்தகத்துக்கே போக வேண்டிய நிலை வரலாம். பசி அவர் வயிற்றில் இருந்தது உண்மை. அதைத் தாங்கிக்கொண்டது பிடிவாதம்.

பசி கண்டதும் கை வரைந்ததும்

பசிக் கதையை உருவாக்கியவர் வேறு யாருமல்லர், மிரோவேதான். 1938இல் எழுதிய ஒரு கட்டுரையில், பசியால் தோன்றிய மயக்க உருவங்களை வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டே பிடிக்க முயன்றதாகக் குறிப்பிட்டார். 1939இல் 'வேர்வ்' என்ற பாரிஸ் கலை இதழில் இவ்வோவியத்தைப் பற்றிக் கவிதை நடையில் எழுதினார். 1948இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனிக்கு அளித்த பேட்டியில் மேலும் விளக்கமாகச் சொன்னார்: இரவு அறைக்குத் திரும்புவார், சில நாள் இரவு உணவு இராது, படுத்தால் கூரையில் உருவங்கள் தெரியும், அவற்றை ஒரு குறிப்பேட்டில் குறித்துக்கொள்வார்.

குறித்துக்கொள்வார் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். கூரையிலிருந்து நேரே கித்தானுக்கு எதுவும் வரவில்லை. இடையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. பெரும்பாலான மறுகூறல்களில் கூரை இருக்கும், பட்டினி இருக்கும், குறிப்பேடு இராது.

1970களின் இறுதியில், எண்பதைக் கடந்த மிரோ இன்னும் தெளிவாகப் பேசினார். ப்ரெதோனும் அவர் தோழர்களும் வற்புறுத்தியதுபோலக் கனவில் கண்டதை வரையவில்லை என்றார். பசி ஒருவகைப் பரவச நிலையைத் தந்தது, அதிலிருந்து வந்ததை வரைந்தேன் என்றார். அதன்பின், எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று அறிய முன்வரைவுகள் போட்டதாகவும், நெடுநேரம் சிந்தித்த பிறகே தீட்டத் தொடங்கியதாகவும், தீட்டும்போது வேண்டிய மாற்றங்களைச் செய்ததாகவும் கூறினார். விசித்திர உருவங்களைக் குவித்து வரைந்த பழைய நெதர்லாந்து ஓவியர் போஷின் தாக்கம் உண்டா என்பதற்கும் விடை சொன்னார்: போஷ் பிடிக்கும், ஆனால் இதைத் தீட்டும்போது அவரை நினைக்கவில்லை.

அவர் சொன்ன அந்த முன்வரைவு இன்றும் இருக்கிறது. பார்சலோனாவில் 1975இல் திறக்கப்பட்ட மிரோ அறக்கட்டளையில், அவருடைய குறிப்பேடுகளோடும் ஆயிரக்கணக்கான வரைவுகளோடும் அது பாதுகாக்கப்படுகிறது. இந்தக் குறிப்பேடுகள் வெளியே தெரிந்த பிறகு ஆய்வாளர்கள் 1920களின் மிரோவைத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. ஒரே மூச்சில் தெறித்தவை என்று நம்பப்பட்ட படங்கள் பலவற்றுக்கும் முன்வரைவு கிடைத்தது.

அப்படியானால் பசிக் கதை பொய்யா? அன்று. உருவங்கள் பசியில் வந்தன. அவற்றுக்கு இடம் கொடுத்தது பயின்ற கை. படத்தையே சான்றாகக் கொள்ளலாம். சுவரும் தரையும் சந்திக்கும் கோடு உறுதியானது. இடப்பக்க ஏணிக்கு வலப்பக்க மேசையும் சன்னலும் எடை சமன் செய்கின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவை சிறு சிறு பொட்டுகளாகப் படம் முழுவதும் பங்கிடப்பட்டிருக்கின்றன, எங்கும் குவியவில்லை. இத்தனை உருவங்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பது தற்செயலாக நடவாது. 'இதை நானே வரைவேன்' என்று சொல்லும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களிடம் நாற்பது உருவங்களை ஒரு தாளில் இடிக்காமல் வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். பத்தாவது உருவத்திலேயே தாள் நிறைந்துவிடும்.

சர்ரியலிஸ்டுகளின் சிக்கல்

படம் தீட்டப்பட்ட மாதங்கள் முக்கியமானவை. 1924 அக்டோபரில் கவிஞர் ஆந்த்ரே ப்ரெதோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். அறிவின் கட்டுப்பாடோ அழகு, ஒழுக்கம் பற்றிய கவலையோ இல்லாமல் மனம் தானாக இயங்குவதை அப்படியே பதிவு செய்வதுதான் சர்ரியலிசம் என்று அதில் வரையறுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் இயக்கத்தின் இதழ் தொடங்கியது.

எழுத்துக்கு இந்த வரையறை பொருந்தும். பேனாவை ஓடவிட்டால் போதும். ஓவியத்துக்கு? வண்ணம் குழைக்க வேண்டும், காய வேண்டும், அடுத்த நாள் திரும்ப வந்து தொட வேண்டும். மனத்தின் வேகத்துக்குத் தூரிகை ஈடுகொடுக்குமா? இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான பியேர் நவில், 1925 ஏப்ரல் இதழில், சர்ரியலிச ஓவியம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று எழுதினார். ப்ரெதோனுக்கு இது உடன்பாடில்லை. ஜூலை இதழிலிருந்து பொறுப்பைத் தாமே ஏற்று, சர்ரியலிசத்தையும் ஓவியத்தையும் பற்றித் தொடர் எழுதத் தொடங்கினார்.

இச்சண்டைக்கு நடுவில்தான் மிரோ வெளிச்சத்துக்கு வந்தார். 1925 ஜூன் 12 நள்ளிரவில் பாரிஸின் பியேர் காட்சிக்கூடத்தில் அவருடைய தனிக்காட்சி திறக்கப்பட்டது. கவிஞர் பெஞ்சமின் பெரே முன்னுரை எழுதினார். அழைப்பிதழில் சர்ரியலிஸ்டுகள் கையெழுத்திட்டனர். நள்ளிரவுத் திறப்பு விழாவுக்குக் கூட்டம் திரண்டது. அதே ஆண்டு நவம்பரில், அதே கூடத்தில், சர்ரியலிச ஓவியத்துக்கான முதல் குழுக்காட்சி நடந்தது. பிக்காசோ, கிளே, மாக்ஸ் எர்ன்ஸ்ட், தெ கிரிக்கோ, மான் ரே, ஆர்ப், மாஸோன் ஆகியோரின் படங்களோடு 'ஆர்லெகினின் களியாட்டம்' படமும் தொங்கியது. சர்ரியலிச ஓவியம் இல்லை என்று சொன்னவர்களுக்கு விடையாகக் காட்டத்தக்க படங்களுள் இது முன்னணியில் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், விடையாக நின்ற படம் வரையறைக்கு உட்படாதது. தானாக ஓடிய கையால் பிறந்ததன்று. முன்வரைவு போட்டு, இடம் குறித்து, திருத்தித் திருத்தி முடித்தது. ப்ரெதோன் 1928இல் மிரோவைத் தங்கள் எல்லாரிலும் மிகுந்த சர்ரியலிஸ்ட் என்று கருதலாம் என எழுதினார். அதே கட்டுரையில் அவரிடம் வண்ணம் தீட்டும் ஆசையைத் தவிர வேறு ஆசையில்லை என்ற குறையும் தொனிக்கும். மிரோவும் இயக்கத்தின் கட்டளைகளுக்குத் தலை கொடுத்தவரல்லர். 1926இல் தியாகிலெவின் நடனக் குழுவுக்கு எர்ன்ஸ்டுடன் சேர்ந்து மேடை ஓவியம் செய்தபோது, ப்ரெதோனும் லூயி அராகோனும் பணக்காரர்களுக்கு விலைபோய்விட்டதாகக் கண்டித்து அறிக்கை விட்டனர். மிரோ பதில் சொன்னதைவிட வேலை செய்ததே அதிகம்.

இயக்க வரலாறுகளில் பசிக் கதை நிலைத்ததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். கோட்பாட்டுக்குப் படம் பொருந்த வேண்டுமானால் ஓவியர் மயக்கத்தில் இருந்திருக்க வேண்டும். குறிப்பேடு இருந்தால் கோட்பாடு உதைக்கும்.

பொருள்கள் எவற்றைக் குறிக்கின்றன

படத்தின் சில பொருள்களுக்கு மிரோவே முதுமையில் பொருள் சொன்னார். சன்னலில் தெரியும் கறுப்பு முக்கோணம் ஈஃபில் கோபுரம். மேசையருகே உள்ள கரிய உருண்டை பூமி. உலகத்தை வென்றே தீர வேண்டும் என்ற எண்ணம் அப்போது தம்மைப் பிடித்து ஆட்டியதாம். அத்திப்பழம் தின்று கிடந்தவரின் ஆசை! பூனை, வேலை செய்யும்போது எப்போதும் பக்கத்தில் இருந்தது. பூச்சிகள் மீது அவருக்கு என்றும் ஈடுபாடு உண்டு. ஏணி, தப்பிச் செல்வதற்கும் மேலே ஏறுவதற்கும் உரியது.

மற்ற உருவங்களுக்கு அவர் பொருள் சொல்லவில்லை. நாமும் ஒவ்வொன்றுக்கும் அகராதி தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஏணி மட்டும் தொடர்ந்து வந்தது. 1926இல் வரைந்த 'நிலவைப் பார்த்துக் குரைக்கும் நாய்' படத்தில், இருண்ட வெளியில் தனியாக ஓர் ஏணி வானை நோக்கி நிற்கிறது. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மிரோ பாரிஸில் தங்கிவிட்டார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் கூடத்துக்காக அவர் தீட்டிய உழவர் சுவரோவியம் பின்னர் காணாமற்போயிற்று. உலகப்போர் தொடங்கியபின் நார்மண்டிக் கடற்கரையில் வராஞ்ச்வில் என்ற சிற்றூரில் இருந்தபோது, 1940 சனவரியில் 'விண்மீன் கூட்டங்கள்' வரிசையைத் தொடங்கினார். மொத்தம் 23 சிறு படங்கள். அவற்றுள் சனவரி 31 தேதியிட்ட ஒன்றின் பெயர் 'தப்பிக்கும் ஏணி'. மே மாதம் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, முடிந்த படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மனைவி, மகளுடன் ஸ்பெயினுக்குத் திரும்பினார். பிராங்கோவின் ஆட்சி நடக்கும் நாடு என்று தெரிந்தே போக வேண்டியிருந்தது. பெரும்பாலும் மயோர்க்காவில், தாய்வழி ஊரில், சத்தமின்றி வாழ்ந்தார்.

அதே 1940இல்தான் 'ஆர்லெகினின் களியாட்டம்' பஃபலோ நகரின் ஆல்பிரைட் கலைக்கூடத்துக்கு வாங்கப்பட்டது. அக்கூடம் பின்னர் இருமுறை பெயர் மாறி, இன்று பஃபலோ ஏ.கே.ஜி. கலை அருங்காட்சியகம் எனப்படுகிறது.

பின்னாளில்

இப்படத்தின் சந்ததிகள் பல. வளைந்து மிதக்கும் அதன் வடிவங்கள் ஆர்ஷைல் கோர்க்கி போன்ற அமெரிக்க ஓவியர்களுக்கு வழிகாட்டின. கம்பியை வளைத்து சர்க்கஸ் பொம்மைகள் செய்த அலெக்சாண்டர் கால்டர் 1928 முதல் மிரோவின் நெருங்கிய நண்பர். இருவர் வேலையையும் அருகருகே வைத்தால் ஒரே கூட்டத்தின் உறவினர்கள்போல் இருக்கும். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கார்ட்டூன் உருவங்களையும் கனவுக் காட்சியையும் கலந்து வளர்ந்த ஓவிய வகையைப் 'பாப் சர்ரியலிசம்' என்கிறார்கள். அவ்வகை ஓவியர்கள் கார்ட்டூன் புத்தகத்திலிருந்தும் தெருச் சுவரிலிருந்தும் எடுத்துக்கொண்டது அதிகம். ஆனாலும் வேடிக்கை உருவங்களைக் கூட்டமாக ஓர் அறைக்குள் அடைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு வாடிய முகத்தை நிறுத்தும் வழக்கத்துக்கு மிரோவின் ஆர்லெகின் மூத்த உறவு.

மிரோ 1983 டிசம்பர் 25 அன்று பால்மா நகரில் 90ஆம் வயதில் காலமானார். ஓவியம் பஃபலோவிலும், அதற்காக அவர் போட்ட முன்வரைவு பார்சலோனாவிலும் இருக்கின்றன.